சுண்ணாம்புப் பற்றுக்கு அடியில்

எங்கள் ஆய்வு மையத்துக்குப் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறதாம். மிக்ஸி அளவுதான் இருக்கும், பேட்டரியில் ஓடும். நகத்தளவு சில்லு ஒன்றைச் செருகி அதில் ஒரு சொட்டு விட்டால், தேநீர் குடித்துக் கொஞ்சம் ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள், இன்ன கிருமியின் மரபணு தெரிகிறது என்று திரையில் எழுதிக் காட்டுகிறதாம். கரண்ட் போன மலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்கூட வைத்துப் பார்க்கலாமாம். இளையவர்கள் படம் அனுப்பியிருந்தார்கள். பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. மாலை விழுந்த கருவிகளில் பாதி அடுத்த ஆயுத பூஜையைப் பார்ப்பதில்லை என்பது என் அனுபவம். நல்ல நாளில் அதைச் சொல்லக் கூடாது என்று வாழ்த்து மட்டும் அனுப்பினேன்.

"இதெல்லாம் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் மேடம்? மையத்தின் மலருக்கு எழுதித் தாருங்கள்" என்று பதில் வந்தது. நாங்கள் நன்றாகவே சமாளித்தோம். சிரமமெல்லாம் நோயாளிகளுக்குத்தான். அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சமும் ஒரு நோயாளியைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை பக்கம். தென்னையும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டது நினைவிருக்கிறது: "பூச்சி பாக்கறதுக்கு எதுக்கு கண்ணு காலேஜு? நம்ம தோப்புக்கு வா, காய்க்குக் காய் பூச்சிதான்." அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் படித்தேன். கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கக் கற்றேன், அதைவிட அதிகமாகக் கண்ணாடித் தட்டு கழுவக் கற்றேன். பிறகு பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் இருந்த எங்கள் மையத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். ஆலைகளுக்கு நடுவே நுட்பமான ஆய்வகம் கட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. பக்கத்தில் இரும்பு உருக்கும் அடுப்பை மூட்டினால் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் எங்கள் பிசிஆர் இயந்திரத்துக்கு விக்கல் எடுக்கும். இரவல் வாங்கிய ஸ்டெபிலைசர்களின் தயவில்தான் எங்கள் அறிவியல் நடந்தது.

அங்கே எனக்கு மேலதிகாரி டாக்டர் வத்சலா. திருச்சூர்க்காரர், மருத்துவம் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் மலையாளமும் சேரும். எங்களிடம் பேசும்போது சேராமல் இருந்த நாள் குறைவு. அவருக்கு இரண்டு கட்டளைகள். ஒன்று, மாதிரிக் குழாயைத் திறக்கும் முன் அதன் எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துத் திரும்பச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஆய்வகத்தில் இந்தக் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் "பஜனை முடிஞ்சதா?" என்று கேட்பார்கள். முடியாது. முடிந்ததே இல்லை.

இரண்டாவது கட்டளை, "இல்லை" என்று சொல்லக் கூடாது. கிருமி இல்லை, மலேரியா இல்லை, எதுவும் இல்லை என்று சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார். "இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? கண்டில்லன்னு சொல்லு. எங்கே நோக்கினாய், எதை வெச்சு நோக்கினாய், அதையும் சொல்லு." சேர்ந்த புதிதில் இதை வீண் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது வீட்டில் சாவியைத் தேடும்போதுகூட அப்படித்தான் பேசுகிறேன். அவர் பாராட்டியும் கேட்டிருக்கிறேன். மிக மிக நன்றாகச் செய்த வேலைக்கு "கொழப்பமில்ல" என்பார், மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அவரிடம் சொல் கிடையாது.

எங்களுக்கு வந்த ஆய்வு, மூணாறு, காந்தலூர் மலைகளில் மழைக்குப் பிறகு வருகிற காரணம் தெரியாத காய்ச்சல்களைப் பற்றியது. சந்தேகம் ஸ்க்ரப் டைபஸ் மீது. தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள், மலையாளத்தில் செள்ளுப்பனி. உண்மையில் அதைப் பரப்புவது உண்ணியும் இல்லை, தெள்ளுப்பூச்சியும் இல்லை. புல்லிலும் புதரிலும் இருக்கிற ஒரு சிறு பூச்சியின் குஞ்சு அது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இரண்டு மொழியும் சேர்ந்து தவறான ஆளைக் கைது செய்திருக்கின்றன. அந்தக் குஞ்சு எலியின் காதுக்குள் கூட்டமாக, ஆரஞ்சு நிறத் தூள் போல ஒட்டிக்கொண்டிருக்கும். மனிதரைக் கடித்தால் வலிக்காது. கடித்த இடத்தில் சில நாளில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு வரும். அதைக் கண்டால் நோய் ஏறக்குறைய உறுதி. மருந்து சாதாரணமானது, எங்கும் கிடைப்பது. உரிய நேரத்தில் கொடுத்தால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும். கொடுக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு எளிய நோயில் ஆட்கள் சாவதுதான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது.

ஆகவே நாங்கள் எலி பிடித்தோம். பொறியில் தேங்காய்ச் சில்லும் கருவாடும் வைத்து, விழுந்ததை மயக்கி, காதைச் சீவி, எழுபது சதவீத ஆல்கஹாலில் போட்டு மூடுவோம். எங்களுக்கு வாடகை ஜீப் ஓட்டியவர் கணேசன். சீசனில் சுற்றுலாப் பயணிகளை மலை காட்டக் கூட்டிப் போவார். மற்ற நாளில் எங்களை. "மத்தவன்லாம் வெள்ளக்காரனுக்கு வரையாடு காட்டுதான். எனக்கு வாய்ச்சது எலி" என்பார்.

மூணாறிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு மறையூர், சின்னாறு வழியாக இறங்கி உடுமலை, பொள்ளாச்சியைத் தொட்டுத் திரும்பக் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். சோதனைச் சாவடி ஒன்றில் ஒரு முறை கலால்காரர் ஒருவர் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு குப்பியை எடுத்து முகர்ந்தார்.

"இது ஸ்பிரிட்டல்லே?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. பாலக்காட்டு எல்லையில் ஸ்பிரிட் பிடிப்பவருக்கு என்ன மரியாதை என்று நான் சொல்லத் தேவையில்லை. உடனே கணேசன் இறங்கி வந்தார்.

"நல்ல சரக்கு சார். குடிச்சுப் பாருங்க. உள்ள மெதக்குது பாத்தியளா, அது எலிக்காது. சைடிஷ் தனியா வாங்க வேண்டாம்."

குப்பி மெதுவாகப் பெட்டிக்குள் திரும்பியது. கலால்காரர் இருமுறை கை கழுவினார். அதன் பிறகு எங்கள் ஜீப்பைத் தூரத்தில் கண்டாலே தடுப்புக் கம்பு எழும்பிவிடும்.

அந்தக் கணேசனின் மனைவி முத்துமாரி, எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். மழை ஓய்ந்து குளிர் தொடங்கிய ஒரு வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் அக்கறையான பையன்தான். டெங்கு பார்த்தார், மலேரியா பார்த்தார், கிடைக்கவில்லை. விடால் சோதனையில் லேசாகக் காட்டியது என்று டைபாய்டுக்கு மருந்து தொடங்கினார். அந்தச் சோதனையின் மீது எனக்கு மரியாதை கிடையாது. எங்கள் மலையில் தேயிலைச் செடியின் சாறைக் கொடுத்தாலும் அது லேசாகக் காட்டும். ஸ்க்ரப் டைபஸுக்கான எங்கள் காகிதப் பட்டைச் சோதனையையும் அவர் செய்திருந்தார். கோடு விழவில்லை. அது உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கிற சோதனை. காய்ச்சலின் தொடக்கத்தில் எதிர்ப்பொருள் போதுமான அளவு இருக்காது. கோடு விழாததற்கு அர்த்தம் "கண்டில்ல" என்பது மட்டுமே.

ஆஸ்பத்திரியை ஒட்டிய அறைதான் மலைமேல் எங்கள் ஆய்வகம். அன்று காலையில் வத்சலா மேடமும் அங்கே இருந்தார். நான் எலிக்காது ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தபோது கணேசன் வாசலில் வந்து நின்றார். எப்போதும் செருப்பை உதறிவிட்டு உள்ளே வருபவர், வரவில்லை.

"டாக்டரம்மா, அவளுக்கு மூச்சு எரைக்குது. கீழ கொண்டு போகணும்ங்காவ. ஊர்ல உள்ள எலிக்கெல்லாம் காதப் பிடிச்சுப் பாக்கிய. ஒரு மனுஷியப் பாக்க மாட்டியளா?"

மேடம் கை கழுவிவிட்டு வார்டுக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

முத்துமாரி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பக்கத்தில் அவரோடு ஒரே நிரையில் கொழுந்து எடுக்கும் பேச்சியம்மா, வெற்றிலை வாயோடு, நனைந்த துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உடம்பில் எங்கேயாவது பொருக்கு, புண்ணு?" என்றார் மேடம்.

முத்துமாரி தலையை அசைத்தார். நர்ஸ் முந்திக்கொண்டார்: "நான் பார்த்துட்டேன் டாக்டர். ஒண்ணும் இல்ல."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "கண்டில்ல. சரி. எவிடெயெல்லாம் நோக்கி?"

"கை, கால், கழுத்து, காதுக்குப் பின்னாடி, கக்கத்துல..."

"இடுப்பு?"

நர்ஸ் இளம் டாக்டரைப் பார்த்தார். மேடம் கணேசனையும் இளம் டாக்டரையும் வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்தார். பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னதும் முத்துமாரி இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சுக்குத் திணறுகிற உடம்பில் அந்தப் பிடிக்கு எங்கிருந்து பலம் வந்ததோ.

"அங்க என்னத்தம்மா பாக்கப் போறிய?" என்றார் பேச்சியம்மா. "அது கயிறு அறுத்த எடம். எங்க எல்லாத்துக்கும்தான் இருக்கு. நாந்தான் சுண்ணாம்பும் பொகையிலையும் கொழச்சுப் பத்துப் போட்டு விட்டேன். சனிக்கெழமையே காஞ்சு போச்சு."

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து கால்வரை தடித்த பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஈரத்துக்கும் அட்டைக்கும் செடிக் குச்சி கிழிப்பதற்கும் அதுதான் தடுப்பு. நாள் முழுக்க அந்தக் கயிறு அறுத்து இடுப்பைச் சுற்றித் தோல் தடித்துப் புண்ணாகும். அட்டை கடித்தாலும் கயிறு அறுத்தாலும் மருந்து ஒன்றுதான், சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த பற்று. அது காய்ந்து ஓடு போல ஒட்டிக்கொள்ளும், தானாக விழும்வரை யாரும் தொடுவதில்லை. இந்தப் பூச்சிக்குஞ்சோ உடம்பில் ஏறினால் துணி இறுக்கமாக இருக்கும் இடம் தேடிப் போய்த்தான் கடிக்கும். அது புத்தகத்தில் இருக்கிறது, நாங்கள் எல்லாரும் படித்திருக்கிறோம். புத்தகத்தில் சுண்ணாம்பு இல்லை.

மேடம் கையை எடுத்துக்கொண்டார். "நான் அவிழ்க்கவில்லை. பேச்சியம்மாவே அவிழ்க்கட்டும்."

பேச்சியம்மா முத்துமாரியின் காதில் ஏதோ சொன்னார். முத்துமாரிக்கு அந்த நிலையிலும் உதடு கொஞ்சம் கோணியது. என்ன கேலி என்று நான் கேட்கவில்லை. முடிச்சு அவிழ்ந்தது.

இடது இடுப்பில் வெள்ளையாக ஒரு பற்று. மேடம் உப்புநீரில் நனைத்த துணியை அதன் மேல் வைத்து அழுத்தாமல் காத்திருந்தார். அவர் எதற்கும் அவசரப்பட மாட்டார். ஊறியது ஓரமாக எழும்பியது, துடைத்தார், மறுபடி நனைத்தார், மறுபடி காத்திருந்தார். வெளியே கணேசன் நடக்கும் சத்தம் கேட்டது. மூன்றாம் முறை துடைத்தபோது வெள்ளைக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. சுற்றிலும் சிவந்த விளிம்பு.

"மரகதம், என்ன காணுது?"

"பொருக்குங்க மேடம். கறுப்பு."

"உரக்கச் சொல்லு."

உரக்கச் சொன்னேன். நர்ஸ் பார்த்துத் திரும்பச் சொன்னார். ஆய்வகத்துப் பஜனை முதல்முறையாக வார்டில் கேட்டது.

மேடம் அங்கேயே மருந்தைச் சொன்னார். திரைக்கு வெளியிலிருந்து இளம் டாக்டர், "பிசிஆர் ரிசல்ட் வந்ததும் ஸ்டார்ட் பண்ணலாமா மேடம்?" என்றார். கேள்வி முறையானதுதான்.

"ரிசல்ட் வரும்போது ஆள் வேண்டாமா?" என்றார் மேடம். ஊசி ஏறியது. ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்திவைத்தார்கள், மூச்சு இன்னும் மோசமானால் கீழே கொண்டு போவதற்கு.

நான் செய்ய வேண்டியது மாதிரி எடுப்பது. நோயாளியின் சம்மதம் கேட்காமல் ஒரு முடிகூட எடுக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி. "இந்தப் பொருக்க எடுத்துட்டுப் போகட்டுங்களா? வலிக்காதுங்க" என்றேன். முத்துமாரி மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "கொண்டு... போங்கம்மா. திருப்பி... தர வேண்டாம்."

இடுக்கியால் ஓரத்தைத் தூக்கினால் பொருக்கு மூடி போலக் கழன்று வரும். அடியில் ஈரமான சிவப்பு. அதை ஒரு பஞ்சுக்குச்சியால் சுழற்றித் தொட்டு ஒரு குழாயில், பொருக்கை இன்னொரு குழாயில். எண் எழுதி, படித்து, திரும்பச் சொல்லி, ஐஸில் வைத்தேன். வேறு வண்டி பார்க்கலாம் என்றதற்குக் கணேசன் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். "நான் இங்க உக்காந்து என்ன செய்ய? அவளுக்கு மூச்சு விட்டுக் குடுக்கவா முடியும்?"

எல்லைச் சாவடியில் கலால்காரர் கையசைத்தபோதும் அவர் வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை.

கஞ்சிக்கோட்டில் மரபணுவைப் பிரித்தெடுத்து இயந்திரத்தில் ஏற்றினோம். திரையில் கோடு எழும்பவில்லை. பொருக்கிலும் இல்லை, பஞ்சிலும் இல்லை. என் பக்கத்திலிருந்த பெண் "நெகட்டிவ்" என்றாள். ஆனால் கூடவே இன்னொரு கோடும் எழும்பவில்லை. கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மாதிரியிலும் சோதனை ஒழுங்காக நடந்ததா என்று காட்ட வந்தே தீர வேண்டிய கோடு அது. அதுவும் வரவில்லை என்றால் இயந்திரம் நோயைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று பொருள். வெளியே பெஞ்சில் இருந்த கணேசன் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"என்னம்மா சொல்லுது ஒங்க மிஷினு?"

"இன்னும் பேசவே இல்லீங்க. வாயில சுண்ணாம்பு அடைச்சிருக்குது."

அதுதான் நடந்திருந்தது. பொருக்கோடு சேர்ந்து வந்த சுண்ணாம்பும் புகையிலைச் சாறும் வினையை நடக்கவிடாமல் தடுத்திருந்தன. இதற்குப் பரிகாரம், மாதிரியைத் தண்ணீர்விட்டு மெலிதாக்குவது. கிருமியின் மரபணுவும் மெலியும், ஆனால் தடுக்கிற பொருள் அதைவிட வேகமாகச் செயலிழக்கும் என்ற நம்பிக்கையில் செய்கிற வேலை. மறுநாள் காலை பத்தில் ஒன்றாக மெலித்து, எண் படித்து, திரும்ப ஏற்றினேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே மலையிலிருந்து கணேசனின் போனுக்கு அழைப்பு வந்தது. மறுமுனையில் பேச்சியம்மா. போனை நம்பாதவர்கள் பேசும் சத்தத்தில் பேசினார், எனக்கும் கேட்டது: "காச்சல் எறங்கிட்டு! கஞ்சி கேக்கா! ஒன்னயத் திட்டுதா, போட்டது போட்டபடி எங்க போனான்னு!"

நோயாளி இயந்திரத்தை முந்திக்கொண்டார். கணேசன் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் உள்ளே திரும்பியபோது திரையில் இரண்டு கோடுகளும் எழும்பிக்கொண்டிருந்தன. மேடத்துக்குப் போன் செய்து விவரம் சொன்னேன். தடுப்பு, மெலிப்பு, கோடு எல்லாம். குழாயின் எண்ணை ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, "கொழப்பமில்ல."

இத்தனை வருட வேலையில் எனக்கு வந்த சான்றிதழ்கள் ஒரு பீரோவில் கிடக்கின்றன. அந்தச் சொல்லை எங்கும் வைக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒன்றை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்று அந்தக் கிருமியின் மரபணு முழுவதையும் படிக்கிறார்கள், எந்த மலையில் எந்த வகை என்று பிரிக்கிறார்கள், எந்த மருந்தை எதோடு சேர்த்துக் கொடுத்தால் ஆள் பிழைப்பார் என்று பெரிய அளவில் ஆராய்கிறார்கள். அத்தனைக்கும் நான் நன்றியுள்ளவள், இளக்காரமாகச் சொல்லவில்லை. எங்கள் கையில் இருந்ததைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் எந்தக் கருவிக்கும் நாம் கொடுக்கிற சொட்டுதான் தெரியும். அந்தச் சொட்டு இருக்கும் இடத்தை ஒருவர் நமக்குக் காட்ட வேண்டும். காட்டச் சம்மதிக்க வேண்டும்.

முத்துமாரி பிழைத்தார். கவலை அவரோடு முடியவில்லை. அவர் கஞ்சி குடிக்க உட்காரும் ஓடைக்கரைப் புல்லில்தான் அந்த நிரைப் பெண்கள் அத்தனை பேரும் உட்காருகிறார்கள். அத்தனை பேர் இடுப்பிலும் பற்று. அதற்கடியில் யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த மூச்சிரைப்பு வரும்வரை காத்திருக்க மேடம் தயாராக இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னோம். ஒருவரும் வரவில்லை. அரை நாள் வேலையை விட்டுவிட்டு, ஒரு நோவும் இல்லாமல், இடுப்பைக் காட்ட யார் வருவார்கள்? அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். வீட்டில் ஆண்கள் இருந்தார்கள், கதவு பாதிதான் திறந்தது.

பிறகு எஸ்டேட்டில் அந்தப் புல்லை வெட்டியது, சாப்பிடத் தனி இடம் போட்டது, காய்ச்சல் என்று வருகிற பெண்களைத் திரைக்குள் பெண் ஊழியரே பார்ப்பது என்று வழக்கம் வந்தது எல்லாம் எங்கள் மையத்தின் அறிக்கைகளில் இருக்கிறது. அறிக்கைக்குள் அடங்காதது காட்டில் நடந்தது. தேயிலைப் பரப்பை அங்கே காடு என்றுதான் சொல்வார்கள்.

நோய் தீர்ந்தவரிடம் சில வாரம் கழித்து இரண்டாவது முறை ரத்தம் எடுக்க வேண்டும். எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. நோய் தீர்ந்தவர்கள் பொதுவாக நம் கண்ணில் படமாட்டார்கள். முத்துமாரி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு நானும் மேடமும் காட்டுக்கே போனோம். வெயில் ஏறி மஞ்சு விலகியிருந்தது. பெண்கள் கத்திரியை வைத்துவிட்டுக் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தா வந்துட்டாவல்ல, எலி டாக்டரு" என்றது ஒரு குரல்.

"இன்னொரு தடவையா?" என்றார் முத்துமாரி. கையை நீட்டிக்கொண்டே, "எடுங்க. இந்த அட்டையாவது கேட்டுட்டுக் கடிக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். ரத்தம் எடுத்து முடித்ததும் மேடம் மற்றவர்களைப் பார்த்துப் பேசினார். சுருக்கமாக, நயமாகத்தான் சொன்னார். ஒருத்தி குனிந்து புல்லைப் பிய்த்தாள். இன்னொருத்தி, "இங்க நடுக்காட்டுலயா? கங்காணி நிக்கான்" என்றாள். மேடம் என்னைப் பார்த்தார்.

முத்துமாரி எழுந்தார். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். படுதாவை உருவி, உதறி, ஒரு முனையைப் பக்கத்திலிருந்தவளிடம் நீட்டினார். "பிடிட்டி."

அவள் பிடித்தாள். இன்னொருத்தியும் தன் படுதாவை அவிழ்த்தாள். நாலு படுதாக்கள் நாலு பக்கமும் நிமிர்ந்தன. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பச்சையும் நீலமுமாக ஓர் அறை எழும்பி நின்றது. "கங்காணியண்ணே, கொஞ்ச நேரம் மலையப் பாரும்" என்று யாரோ கத்த, அந்த மனிதர் உடனே திரும்பி நின்று, நான் பார்த்தவரை கடைசிவரைக்கும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். நனைப்போம், காத்திருப்போம், துடைப்போம். வெறும் கயிற்றுப் புண்தான். பாதிப் பேர் முடிந்திருக்கும். பேச்சியம்மா வெளியே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முறை வந்தபோது மறுத்துவிட்டார்.

"எனக்கு என்ன? வெறும் கயித்துத் தடம். நேத்துதான் பத்துப் போட்டேன்."

"எனக்கும் அப்படித்தான போட்டு விட்ட" என்றார் முத்துமாரி. சொல்லிவிட்டுப் பேச்சியம்மாவின் கையைப் பிடித்தவர், புறங்கையால் அவர் கழுத்தைத் தொட்டார். சிரிப்பு போய்விட்டது. "சித்தி, ஒனக்குக் காயுதே."

"வேல செஞ்சா காயத்தான் செய்யும். மாத்திரை போட்டிருக்கேன்."

"உள்ள போ."

பேச்சியம்மா உள்ளே வந்தார். படுதாவுக்கு மேல் முத்துமாரியின் முகம் மட்டும் தெரிந்தது. மேடம் துணியை வைத்தார். எனக்குத் தெரிந்தவர்களில் அந்த அளவு பொறுமையாகக் காத்திருக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான். வெள்ளை ஊறி நெகிழ்ந்து வழிந்தது. அடியில் கறுப்பு.

இந்த முறை என்ன தெரிகிறது என்று மேடம் என்னைக் கேட்கவில்லை. பேச்சியம்மாவே குனிந்து பார்த்துவிட்டார். நிமிர்ந்தபோது அவர் முதலில் பார்த்தது முத்துமாரியைத்தான்.

"ஒண்ணும் ஆகாது சித்தி" என்றார் முத்துமாரி. "எனக்கு எறங்கலியா?"

மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தேன். முத்துமாரி தன் சாயாவை நீட்டினார், மேடம் தடுத்துத் தண்ணீர் கொடுத்தார். பேச்சியம்மா விழுங்கினார். அவர் மூச்சுக்குத் திணறவில்லை, ஆக்சிஜன் குழாயைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வெற்றிலை வாயோடு காட்டில் நின்று என்னைக் கேலி செய்தார். என் வேலைக்கு நான் கண்ட பலன்களில் அந்தக் கேலிக்கு மேல் எதையும் வைக்க மாட்டேன்.

ஆனால் அது அடுத்த வாரம். அன்று, விழுங்கிய கையோடு சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போன பேச்சியம்மா, தான் விட்ட மூலையை இன்னொருத்தியின் கையிலிருந்து பிடுங்கினார். வேலையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் தள்ளி நின்றிருந்தார்கள். படுதாவைத் தலைக்கு மேல் இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக் கத்தினார்:

"என்னட்டி அங்க நின்னு வேடிக்க? கயித்த அவுத்துக்கிட்டு உள்ள வா!"